இம்மண்டபத்தில் மலேரியா இல்லை

உலக மருத்துவ வரலாற்றிலே ஒரு நோயைக் கையை உயர்த்தித் தோற்கடித்த சங்கம் ஒன்றே ஒன்றுதான். அது வெள்ளவத்தையில் இருக்கிறது. அதன் கௌரவ செயலாளர் அடியேன். மற்ற நாடுகள் மருந்து, வலை, ஆய்வுகூடம் என்று காலத்தை வீணடித்துக்கொண்டிருக்க, எங்கள் 'அகில வெள்ளவத்தை விஞ்ஞான விழிப்புணர்வு மன்றம்' ஒரு ஞாயிறு பின்னேரம் மலேரியாவை முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏகமனதாக வெளியே அனுப்பியது. 'ஏகமனதாக' என்ற சொல்லில் ஒரு சிறு திருத்தம் உண்டு. அதையும் உரிய இடத்தில் பதிவு செய்வேன்.

இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்து இந்த ஆண்டோடு பத்து ஆண்டுகள். உண்மையில் அதை ஒழித்தவர்கள் காடு மேடெல்லாம் அலைந்து, வீடு வீடாகப் போய், விரலில் ஊசி குத்தி இரத்தம் பார்த்த சுகாதாரப் பகுதி ஆட்கள் என்று கேள்வி. அவர்களை நாங்கள் விழாவுக்கு அழைக்கவில்லை. முன்வரிசையில் கதிரை போதாது. ஒழித்த வேலையில் எங்கள் மன்றத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒழித்தவர்களுக்குக் கொண்டாட நேரம் கிடைக்காது. அந்தக் குறையை யாராவது தீர்க்க வேண்டாமா?

எங்கள் தலைவர் நமசிவாயம் ஐயா, ஓய்வுபெற்ற திணைக்களத் தலைவர். எந்தத் திணைக்களம் என்று அவர் சொல்வதில்லை. நாங்களும் மரியாதை கருதிக் கேட்பதில்லை. அவர் நடத்திய கூட்டம் எதுவும் நிகழ்ச்சி நிரலை விட்டு அரை அங்குலம் விலகியது கிடையாது. ஒருமுறை மண்டபத்தில் மின்கம்பி தீப்பிடித்தபோதுகூட, அதை 'வேறு விடயங்கள்' என்ற தலைப்பின் கீழ்தான் எடுத்தார்.

பத்தாண்டு விழாவுக்குப் பேச வந்தவர் பேராசிரியை நாகேஸ்வரி. மலேரியாக் கிருமியையும் நோயெதிர்ப்புக் கலங்களையும் பற்றியே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். அவர் அனுப்பிய தலைப்பை நான் செயற்குழுவில் வாசித்தேன்: 'மலேரியா ஒட்டுண்ணியின் விளைபொருட்கள் நோயெதிர்ப்புக் கலங்களின் சமிக்ஞைத் தொடர்பில் ஏற்படுத்தும் தாக்கங்கள்'.

நமசிவாயம் ஐயா கண்ணை மூடிக் கேட்டார்.

"உங்களுக்கு விளங்குதோ?" என்றார்.

"இல்லை ஐயா."

"எனக்கும் விளங்கேல்லை. அப்ப நல்ல தலைப்பு. அழைப்பிதழை அடியுங்கோ."

விழாவின் போஷகர் புவாத் ஹாஜியார். இரத்தினக்கல் வியாபாரி, எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்து மாடிக்குடியிருப்பில் ஆறாம் மாடி. மண்டபம், குளிரூட்டி, ரோல்ஸ், கட்லட் எல்லாம் அவர் உபயம். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு பட்டம். அவருடைய மச்சான் ஏற்கெனவே மூன்று பட்டம் வாங்கி, மூன்றையும் கல்யாணக் கார்டில் போட்டிருந்தார். அந்த வேதனை எங்களுக்கு விளங்கியது. 'மலேரியா மாமணி' என்ற பட்டத்தை உருவாக்கினோம். மலேரியாவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். அந்தச் சம்பந்தம் பிறகுதான் தெரிய வந்தது.

விழாவன்று மண்டப வாசலில் ஹாஜியாரின் மனைவி ஷபீகா என்னை மறித்தார்.

"செக்ரட்டரி சேர், இவருக்கு மூணு நாளா காச்சல். குளுந்து நடுங்குறாரு. பொறகு தீயாக் கொதிக்குது. பொறகு வேர்த்து ஊத்துது. கொஞ்சம் நல்லா ஈக்கிற மாதிரி ஈந்துட்டு மறுகா நடுக்கம். டொக்டர்ட காட்டின. டெங்கு பாத்தாரு, இல்லையாம். பனடோல் தந்தாரு. எனக்குப் பயமா ஈக்கி. இது மலேரியாதான்."

நான் சிரித்தேன். ஆறுதலான சிரிப்பு.

"தங்கச்சி, பதறாதேங்கோ. மலேரியா இந்த நாட்டில இல்லை. இல்லாதபடியாத்தானே விழாவே வைக்கிறம்." பதாகையைக் காட்டினேன். அதில் ஒரு நுளம்பின்மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது. இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

"நாட்டில இல்ல சேர். இவரு நாட்டிலயா ஈந்தாரு? மடகஸ்கார்ல கல்லு வாங்கப் போய் போன கிழமைக்கு முந்தின கிழமைதானே வந்தாரு. எங்கட கூடப்பொறந்த நானாவுக்கும் மொசாம்பிக்ல இப்பிடித்தான் வந்த. எனக்கு இந்த நடுக்கம் தெரியும்."

"சரி, இப்ப ஹாஜியார் எங்க நிக்கிறார்?"

"இஞ்சதான்."

"இஞ்ச எண்டா வெள்ளவத்தை. வெள்ளவத்தை எங்க இருக்கு? இலங்கையில. இலங்கையில மலேரியா இருக்கோ?"

ஷபீகா என்னைப் பார்த்த பார்வையை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். தர்க்கத்தை இவ்வளவு எளிதாக அவருக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

அந்த நேரம் ஹாஜியாரே வந்தார். புதுக் கோட். முகம் மட்டும் பழைய பத்திரிகைக் கடதாசி நிறத்தில் இருந்தது. "ஷபீகா, சும்மா இரி," என்றார். "பட்டத்த வாங்கிட்டுப் போவோம். ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போகாது."

"ஆஸ்பத்திரி ஓடாது. நீங்க ஓடிருவீங்களோ எண்டுதான் பயம்," என்றார் ஷபீகா. கணவனின் கோட் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். ஆனால் அப்போது மங்கல விளக்கேற்றும் நேரமாகிவிட்டது.

போஷகரை அறிமுகம் செய்யும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நன்றாகத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். "அவையோரே! கடல் கடந்த வணிகச் செம்மல் புவாத் ஹாஜியார் அவர்கள், மடகஸ்கார் தீவின் அடர்ந்த சுரங்கப் பிரதேசத்தில், இரண்டு மாதங்கள், நுளம்பு வலைகூட இல்லாமல் கூடாரத்தில் உறங்கி, உடலெங்கும் நுளம்புக் கடியின் தழும்புகளோடு, எங்கள் விழாவுக்காகவே ஓடோடி வந்திருக்கிறார்!" என்று முழங்கினேன்.

பலத்த கைதட்டல். பேராசிரியை நாகேஸ்வரியும் தட்டினார், நான் கவனித்தேன். கைதட்டாத ஒரே ஆள் ஷபீகா. அவர் கையை உயர்த்திக்கொண்டிருந்தார்.

"கேள்விகள் கேள்வி நேரத்தில் எடுத்துக்கொள்ளப்படும்," என்று தலைவர் ஒலிவாங்கியில் கனிவோடு அறிவித்தார்.

அடுத்தது பொன்னாடை. தலைவர் எழுந்து, ஹாஜியாரின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். அந்த நொடியில் ஹாஜியாருக்கு நடுக்கம் தொடங்கியது. தோள் நடுங்கியது, முழங்கால் நடுங்கியது, அவர் பிடித்திருந்த கதிரை நடுங்கியது, கதிரைக்குக் கீழிருந்த மேடைப் பலகையும் சேர்ந்து கடகடவென்றது. எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். பல்லைக் குத்திக்கொண்டே வாங்கியவர்களும் உண்டு. இப்படி ஒருவரை நாங்கள் கண்டதில்லை.

"அன்பர்களே, அண்ணல் உணர்ச்சிப் பெருக்கில் நடுங்குகிறார்!" என்று நான் அறிவித்தேன். மண்டபம் நெகிழ்ந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார்.

ஹாஜியார் பற்கள் அடிக்க அடிக்கச் சொன்னார்: "இ... இன்னும் ஒண்டு போடுங்க."

பொன்னாடை வேண்டாம் என்று மறுப்பதுபோல் நடித்து வாங்கிக்கொள்வதுதான் மரபு. இன்னொன்று என்று வாய்விட்டுக் கேட்ட முதல் மனிதர் இவர். அந்த எளிமை எல்லோரையும் உருக்கியது. வர்த்தகர் நலன்புரிச் சங்கம் ஒன்று போர்த்தியது. பழைய மாணவர்கள் போர்த்தினார்கள். மூத்தோர் கழகம் போர்த்தியது. பஜனைக் குழுவினர் தங்களிடம் பொன்னாடை இல்லாமல், ஆர்மோனியத்தை மூடியிருந்த பட்டுத் துணியை எடுத்து வந்து போர்த்தினார்கள்.

கடைசியாக வந்தவர் எங்கள் கொட்டாஞ்சேனைக் கிளைத் தலைவர் ஜனா. தாய்ச் சங்கத்துக்கும் கிளைக்கும் பெயர்ப்பலகை விவகாரத்தில் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. ஆகவே அவர் கொண்டுவந்தது எங்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரிய, கம்பளி போலத் தடித்த, சரிகை வைத்த சால்வை. அதை விரித்தபோது மேடையில் பாதி மறைந்தது. ஹாஜியாரின்மேல் அது விழுந்த பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டுமே வெளியே தெரிந்தது.

"முகத்தை ஒருக்காக் காட்டச் சொல்லுங்கோ," என்றார் படப்பிடிப்பாளர்.

"முகம் பிறகு. சால்வையைப் படமெடுங்கோ. கரை தெரிய வேணும்," என்றார் ஜனா.

ஷபீகா மேடைப் படிவரை வந்துவிட்டார். "சேர், அவரு குளுருல நடுங்குறாரு! எறக்கி விடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"தங்கச்சி, பட்டம் இன்னும் குடுக்கேல்லை," என்றேன். "பட்டம் பேச்சுக்குப் பிறகு. நிகழ்ச்சி நிரலில அப்பிடித்தான் இருக்கு."

நிரலை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. தலைவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவருக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை.

பேராசிரியை பேசத் தொடங்கினார். அவர் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் பாவம். திரையில் உருண்டை உருண்டையாகப் படங்கள் வந்தன. கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது மட்டும் நிறுத்தினார். மற்றபடி தெளிவோ தெளிவு.

"மலேரியாக் கிருமி செங்குழியத்துக்குள்ள போய் இருந்துகொண்டு அதை உள்ளுக்கிருந்தே திண்ணும். திண்டு முடிய, குழியம் வெடிக்கும். கிருமியோட சேர்த்து அதின்ர குப்பையளும் வெளியில வரும். அதில ஒரு பகுதி, எங்கட காவற் கலங்களின்ர கதவில போய்த் தட்டும். உடனே கலம் அபாயச் சத்தம் போடும். அந்தச் சத்தம்தான் ஆளுக்கு நடுக்கம், காய்ச்சல்."

மேடையின் மறு ஓரத்தில் சால்வைக் குவியல் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பேராசிரியை அந்தச் சத்தத்துக்காகக் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

"ஆனா இதைவிடக் கெட்டித்தனம் ஒண்டு இருக்கு," என்றார். "கிருமி இரத்தத்தைத் திண்டிட்டுக் கழிக்கிற கறுப்புப் பளிங்குத் தூள். காவற் கலம் அதை எதிரியெண்டு நினைச்சு விழுங்கிப்போடும். விழுங்கினாச் செமிக்காது. துப்பவும் ஏலாது. வயிறு முட்ட அதை வைச்சுக்கொண்டு, அதுக்குப் பிறகு அந்தக் கலம் ஆருக்கும் செய்தி அனுப்பாது. எதிரியைக் கண்டாலும் அடையாளம் காட்டாது. பக்கத்துக் கலத்தையும் உசுப்பாது."

இந்த இடத்தில் முன்வரிசைக்கு ரோல்சும் கட்லட்டும் வந்தன. பேச்சுக்கு இடையூறு செய்யாமல் நாங்கள் மெல்ல மென்றோம்.

"செத்துப்போகுமோ?" என்று தலைவர் கேட்டார். தலைவர்கள் கேள்வி நேரத்துக்கு முன்னும் கேட்கலாம்.

"சாகாது ஐயா. அதுதானே பிரச்சினை. செத்தா வேற ஒண்டு வரும். இது தன்ர இடத்திலயே இருக்கும். நுணுக்குக்காட்டியில பாத்தா கொழுத்து, உருண்டு, நல்ல சுகமா இருக்கிற மாதிரித் தெரியும்."

"அப்ப அதுகளுக்கு மேல ஒரு மேற்பார்வைக் குழுவைப் போட்டா என்ன?"

"குழுவுக்கு வாற கலங்களும் அதைத்தான் திண்ணும்."

மண்டபம் சிரித்தது. தலைவரும் கட்லட்டைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். விஞ்ஞானத்தை இவ்வளவு நகைச்சுவையாகச் சொல்ல எல்லோராலும் முடியாது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்னரே அனர்த்தம் நடந்தது. சால்வைக் குவியலின் ஆட்டம் நின்றது. உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. ஹாஜியார் எழுந்து நின்று, முகம் செம்பாய்ச் சிவக்க, "எரியுது, எரியுது" என்று கத்திக்கொண்டு பொன்னாடைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறியத் தொடங்கினார். முதலில் வர்த்தகர் சங்கம் பறந்தது. பிறகு பழைய மாணவர்கள். மூத்தோர் கழகம் பேராசிரியையின் திரையில் போய்த் தொங்கியது. தாய்ச் சங்கத்தின் பொன்னாடை தலைவரின் காலடியில் விழுந்தது. கொட்டாஞ்சேனைச் சால்வை பாரம் கூடியபடியால் அதை அவர் இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வீசினார்.

எங்கள் மன்ற வரலாற்றில் இப்படி ஒரு பொன்னாடை அவமதிப்பு நடந்ததேயில்லை.

"எங்கட சால்வைதான் ஆகத் தூரம் போய் விழுந்தது!" என்று ஜனா எழுந்து கத்தினார். "இது கொட்டாஞ்சேனைக்குச் செய்த அவமானம். இதுக்குப் பின்னால தாய்ச் சங்கம் இருக்கு!"

"எங்கட பொன்னாடை என்ர காலடியில கிடக்கு. அது கூடின அவமானமோ, தூரப் போனது கூடின அவமானமோ?" என்று தலைவர் திருப்பிக் கேட்டார்.

நியாயமான கேள்வி. இதைத் தீர்க்க மேடையிலேயே அவசர செயற்குழுக் கூட்டம் கூடியது. நான் குறிப்பெடுத்தேன். எந்தப் பொன்னாடை எவ்வளவு தூரம் போனது என்பதை அளக்க ஓர் உபகுழுவும் அமைத்தோம். ஹாஜியார் கதிரையில் சரிந்து, கண் பாதி மூடி, ஏதோ மடகஸ்காரின் மலகாசி மொழி வார்த்தைகளில் கல்லுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கிறார் என்று சிலர் நினைத்தார்கள்.

அப்போதுதான் ஷபீகா மேடைக்கு ஏறினார். அனுமதி கேட்கவில்லை. கணவனின் நெற்றியில் கையை வைத்தார்; வைத்த கையைச் சட்டென்று எடுத்தார். நேரே போய் ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேளுங்க. இவருக்கு மலேரியா. இது சால்வைப் பிரச்சின இல்ல. மனுசன் சாகப் போறாரு. யார்ட சரி வாகனம் ஈந்தா தாங்க."

 வெளியே ரயில் ஒன்று பாணந்துறைப் பக்கம் போனது.

ரயில் போய் முடிந்ததும் தலைவர் சொன்னார்: "கௌரவ செயலாளர், அந்த ஒரு சொல்லைக் குறிப்பிலயிருந்து நீக்குங்கோ."

"எந்தச் சொல் ஐயா?"

"அதை எப்பிடி நான் சொல்லுறது? நான் சொன்னா அதையும் நீக்க வேண்டி வருமே."

ஷபீகா பேராசிரியையிடம் திரும்பினார். அவர் கண்ணில் நீர் முட்டியிருந்தது. "டீச்சர், நீங்க இவ்வளவு நேரம் இதத்தானே சொன்ன. நடுக்கம், காச்சல் எல்லாம். நீங்க செல்லுங்க இவங்களுக்கு. நீங்க செல்லினா கேப்பாங்க."

பேராசிரியை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, நான் கல மட்டத்தில வேலை செய்யிற ஆள். முழு மனுசர் என்ர துறை இல்லை. என்ர கலங்கள் எல்லாம் எலியில இருந்து எடுத்தது. ஒரு மனுசனை நேர பாத்துக் கருத்துச் சொன்னா, பிறகு என்ர ஆய்வின்ர தரம் என்னாகும்?"

"அப்ப ரெத்தம் எடுத்துப் பாருங்க!"

"அதுக்கு நெறிமுறைக் குழுவின்ர அனுமதி வேணும். அவை அடுத்த மாசம்தான் கூடுவினம்."

விஞ்ஞானத்தின் நேர்மை அப்படிப்பட்டது. ஒரு மனிதன் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தாலும் அது தன் துறைக்கு வெளியே கால் வைக்காது.

ஆனால் பிரச்சினை தீரவில்லை. சொல் ஒருமுறை ஒலிவாங்கியில் போய்விட்டது. செயற்குழு குசுகுசுவென்று கூடியது. ஜனா கேட்டார்: "வருத்தம், காய்ச்சல் எண்டா, சால்வை எறிஞ்சது அவமானமில்லை எண்டாகிடுமோ?" தலைவர் அதை ஆழமாக யோசித்தார். அவமதிப்பு என்றால் ஒரு மன்னிப்போடு முடிக்கலாம். மலேரியா என்றால் பதாகையை அல்லவா மாற்ற வேண்டும்! மலேரியா இல்லாத பத்தாண்டு விழாவில், மலேரியா மாமணிக்கு, மேடையில் வைத்து மலேரியா வந்தது என்று பத்திரிகையில் வந்தால் நாட்டின் மானம் என்ன ஆவது?

ஆகவே தீர்மானம் எழுதப்பட்டது. அதை நானே வாசித்தேன்: "இம்மண்டபத்தில் மலேரியா இல்லை எனவும், மேடையில் நிகழ்ந்தது உணர்ச்சிப் பெருக்கினால் ஏற்பட்ட பொன்னாடை நழுவல் மாத்திரமே எனவும், இம்மகாசபை இத்தால் தீர்மானிக்கிறது."

முன்மொழிந்தவர் ஜனா. வழிமொழிந்தவர் தலைவர். மூன்று வருடப் பகை அந்த இடத்தில் முடிந்தது. இருவரும் கை குலுக்கியபோது கைதட்டல் கூரையைத் தொட்டது. அளவெடுக்கப் போன உபகுழுவும் நாடாவைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

"ஆதரிப்போர்?" என்றார் தலைவர்.

மண்டபம் முழுக்கக் கைகள். ரோல்ஸ் பிடித்த கைகள்கூட உயர்ந்தன. மேடையில் கதிரையில் கிடந்த புவாத் ஹாஜியாரும் அந்தக் காய்ச்சலுக்குள்ளும் மன்றக் கடமையை மறக்கவில்லை. போஷகர் என்ற முறையில், கையை மெல்ல, மெல்ல உயர்த்தினார். தன் உடம்பில் உள்ள நோய் இல்லை என்பதற்கு நோயாளியே ஆதரவு தெரிவித்தார். இதைவிட ஜனநாயகம் எங்கே கிடைக்கும்?

பிறகு அந்தக் கை கீழே இறங்கியது. அதோடு அவரும் இறங்கினார். கதிரையிலிருந்து வழுக்கி, மேடைப் பலகையில் முகம் குப்புற விழுந்தார்.

ஷபீகாவின் கையும் அந்த நேரம் உயர்ந்துதான் இருந்தது. கேள்வி நேரத்துக்கான கை என்று நினைத்துவிட்டோம்.

"தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்து நன்றியுரை," என்றார் தலைவர்.

நன்றியுரை என்னுடையது. நான் எழுந்தேன். நான் போஷகருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கையில், போஷகரைத் தரையிலிருந்து தூக்க ஷபீகா தனியாக இழுபட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் இருந்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவர்கள் மன்ற அங்கத்தவர்களே அல்ல. சும்மா கட்லட் சாப்பிட வந்தவர்கள். பொதுக்கூட்ட ஒழுங்கு அவர்களுக்கு என்ன தெரியும்? கீழே கிடந்த கொட்டாஞ்சேனைச் சால்வையை விரித்து, ஹாஜியாரை அதில் உருட்டி, நாலு மூலையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். இதுவரை எந்தப் பொன்னாடையும் ஒரு மனிதனுக்கு இவ்வளவு பயன்பட்டதில்லை.

"சால்வையைத் திருப்பித் தரச் சொல்லுங்கோ!" என்று ஜனா பின்னால் கத்தினார்.

பிறகு நடந்தவை நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே நடந்தவை. எனினும் வாசகர் நலன் கருதிச் சுருக்கமாகத் தருகிறேன். ஷபீகா முச்சக்கர வண்டியில் இருந்தபடியே அரசாங்கத்தின் மலேரியா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாராம். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "நோனா, உங்கட ஆள் எந்த நாட்டுக்குப் போய் வந்தவர்?" என்பதாம். நான் ஒலிவாங்கியில் அலங்காரமாகச் சொன்ன அதே விஷயத்தை, அந்த ஆள் ஒரு கைதட்டலும் இல்லாமல் கேட்டு, உடனே இரத்தம் பார்க்கத் தன் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். இரத்தத்தில் இருந்தது ஆளைக் கொல்லும் வகை. சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்திருந்தன. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஜனாஸாதான் என்று டாக்டர் சொன்னாராம்.

பல நாள் இயந்திரத்தில் இரத்தம் கழுவிய பின்னர், ஹாஜியார் கண் விழித்தார். செய்தி கிடைத்ததும் மன்றத்தின் சார்பில் நான் போனேன். வெறுங்கையோடு போகவில்லை. 'மலேரியா மாமணி' பட்டயம், பழக்கூடை, கையெழுத்துக்காகக் கூட்டக் குறிப்பு ஆகியவற்றோடு ஒரு புதுப் பொன்னாடையும் கொண்டுபோனேன்.

கட்டிலில் கிடந்தவர் பாதியாகியிருந்தார். என் கையில் இருந்த பொன்னாடையைக் கண்டதும் ஹாஜியார் பயந்து போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டார். எனக்கு ஒரு கணம் வெட்கமாக இருந்தது. கூட்டக் குறிப்பில் அதற்கென்று ஒரு பகுதி இல்லாதபடியால் எழுதவில்லை.

ஷபீகா குறிப்பை வாங்கி, நின்றபடியே முழுவதையும் வாசித்தார்.

"ஏகமனதா எண்டு போட்டீக்கி. நானும் கை தூக்கினேனே."

"அது கேள்விக் கை எண்டு நினைச்சம் தங்கச்சி. அதோட, நீங்கள் அங்கத்தவர் இல்லை."

"அவருட உசிருக்கு மேல வாக்கு எடுத்தீங்க. அவருட பொஞ்சாதிக்கு ஒரு கை இல்லையா சேர்? வாசல்ல செல்லின. படியில செல்லின. மைக்ல செல்லின. நீங்க எல்லாரும் கொழுகொழுண்டு முன்னுக்கு குந்திட்டு ஈந்தீங்க. செத்தும் போகல்ல, அசையவும் இல்ல." குறிப்பை என் கையில் திருப்பி வைத்தார். "நான் எதிர்த்தேன். அத எழுதுங்க."

நான் யோசித்தேன். செயலாளர் என்பவன் உண்மையை எழுதக் கடமைப்பட்டவன். அங்கத்தவர் அல்லாதவரின் கையை முதன்முறையாகக் கணக்கில் எடுத்து, அந்த இடத்திலேயே ஆஸ்பத்திரி மேசையில் வைத்துத் திருத்தினேன். திருத்தப்பட்ட குறிப்பு பின்வருமாறு:

"தீர்மானத்தை ஆதரித்தோர்: மகாசபை முழுவதும், நோயாளி உட்பட. நடுநிலை: பேராசிரியை, மனிதர் அவர் துறை அல்லாதபடியால். எதிர்த்தோர்: ஒருவர். ஒட்டுண்ணிகளும் மண்டபத்தில் சமுகமளித்திருந்தன. அவற்றுக்குக் கை இல்லாதபடியால் வாக்களிக்க முடியவில்லை. கை மட்டும் இருந்திருந்தால், பல கோடி மேலதிக வாக்குகளால் எங்கள் தீர்மானம் வென்றிருக்கும்."